சருகு இல்லாத மழைக்காலம்: தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக் கம்போஸ்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்குத் தாம்பரம் பக்கம் ஒரு தனி வீடு. ஒன்றரை கிரவுண்டு மனை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அவர் மனைவி, மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். பின்புறம் மூன்று தென்னை, ஒரு மா, ஒரு வேம்பு. வாசலில் நாட்டு வாதுமை, அதாவது சென்னையில் எல்லாரும் பாதாம் மரம் என்று சொல்லும் மரம். பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரே மதில். அந்த மதிலை ஒட்டித்தான் பக்கத்து வீட்டின் சமையலறை ஜன்னல்.

மருமகளுக்கு ஓ.எம்.ஆர். என்னும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது, அந்தப் புகையைக் கடந்துதான் அவர் தினமும் போய்வந்தார். அடியில் கிடக்கும் ஈரக்குப்பை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை விடுவதால் இப்படிப்பட்ட கிடங்குகளில் தீ அணைவது கடினம் என்று அப்போது படித்திருக்கிறார். நம் தெருக் குப்பை எந்தக் கிடங்குக்குப் போனாலும் கதை இதுதானே என்ற எண்ணம் வந்தது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. அந்த வீட்டில் பிரித்துத்தான் வைத்தார்கள். மக்குவது வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம் என்று அந்த மே மாதம் முடிவெடுத்தார்கள்.

வீட்டில் கழிவை மக்கவைப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்து உதவும் தன்னார்வலர்களில் நான் ஒருவன். அந்த நவம்பரில் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முந்தையது எல்லாம் வீட்டார் சொல்லக் கேட்டது; பிந்தையது நேரில் பார்த்தது. சென்னையில் கோடையில் தொடங்கி மழையில் கைவிடப்படும் கம்போஸ்ட் தொட்டிகள் ஏராளம். இந்த வீட்டில் கைவிடவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்க விரும்பினேன். வீட்டாரும் சம்மதித்தார்கள்.

2022 மே முதல் செப்டம்பர் வரை

பழைய சாமான் கடையில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வாங்கினார்கள். பக்கவாட்டில் ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டார்கள். அடியில் ஓட்டை இல்லை. தரை கறையாகிவிடும் என்று மாமியார் தடுத்துவிட்டார். டிரம்மை மதிலோரம் நிறுத்தினார்கள். சமையலறையின் பின்கதவிலிருந்து பத்தடிதான்.

மே மாதம் என்றால் மாம்பழத் தோல், பலாச் சக்கை, தர்பூசணி ஓடு. அதோடு அன்றாடக் காய்கறி நறுக்கல், டீத்தூள், முட்டை ஓடு, மிஞ்சிய சாதம், சாம்பார், சில நாள் வடித்த கஞ்சி. ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. ஒரு கடையில் வாங்கிய நுண்ணுயிர்த் தூளை வாரம் ஒருமுறை தூவினார்கள். காய்ந்த பொருள் என்று எதுவும் உள்ளே போகவில்லை. தெருவில் வீட்டு வேலை செய்யும் அம்மா மா, வாதுமைச் சருகைக் கூட்டி வாரத்துக்கு இரண்டு முறை தெருமுனையில் வைத்துக் கொளுத்திவிடுவார். அது வழக்கமாக நடப்பதுதான் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

கோடையில் சமாளித்தது. வெயிலில் டிரம் சூடேறி நீர் ஆவியானது. வாசம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்தது. ஜூலையில் சிறு ஈக்கள் வந்தன. ஆகஸ்டில் டிரம் முக்கால் பங்கு நிரம்பி, அதற்கு மேல் ஏறாமல் உள்ளுக்குள்ளேயே அமுங்கிக்கொண்டிருந்தது. நன்றாக மக்குகிறது, அதனால்தான் குறைகிறது என்று வீட்டார் நினைத்தார்கள். நீர் நிறைந்த கழிவு மக்காவிட்டாலும் தன் எடையிலேயே அமுங்கும். இந்தக் கட்டத்தில் பலரும் இதை வெற்றி என்று எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜை, பிறகு மழை

அந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் 4. உடைத்த வெண்பூசணி, வாசலில் கட்டிய வாழைக்கன்று, பூமாலைகள், பொரிகடலைப் பையில் மிஞ்சியது, தேங்காய் மூடிகள் என்று ஒரே நாளில் இரண்டு கூடை. வாழைத்தண்டும் பூசணியும் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். அவ்வளவும் டிரம்முக்குள் போனது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் தொடங்கியது. மாதக் கடைசி இரவும் நவம்பர் முதல் தேதியும் சென்னையில் விடாமல் கொட்டியது. டிரம்மின் மூடி சரியாக உட்காராததால் மழைநீர் உள்ளே இறங்கியது; அடியில் ஓட்டை இல்லாததால் வெளியேற வழியில்லை. பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகக் கறுப்புத் தண்ணீர் வழிந்து மதிலின் அடியில் தேங்கியது. சாம்பல் நிறத்தில் கொழுத்த புழுக்கள் ஓட்டை வழியே வெளியேறி, மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போயின.

பக்கத்து வீட்டு அம்மா முதலில் இரண்டு முறை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை மாமனாரை வாசலுக்கே கூப்பிட்டு, "அண்ணே, இதுக்கு மேல என்னால முடியாது. என் பேரப்பிள்ளைக்கு சாப்பாடு ஊட்ற இடத்துல புழு ஊருது. நீங்க எடுக்கலேன்னா மாநகராட்சியில எழுதிக் குடுக்குறதத் தவிர வேற வழியில்ல" என்றார். அவர் கேட்டது நியாயம். வீட்டாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

டிரம்மைக் காலி செய்து கொடுத்துவிடலாம் என்று மகன் முயன்றார். குப்பை வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இது வண்டியில் ஏற்றும் பொருளே இல்லை என்றார். அள்ள முடியாத குழம்பு அது. அப்போதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

நவம்பரில் பார்த்தது

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றமும் புளித்த நாற்றமும் சேர்ந்து வந்தன. நாற்றத்தின் வகையை முதலில் பார்ப்பது என் பழக்கம். மூக்கில் ஏறும் அமோனியா வாடை என்றால் நைட்ரஜன் அதிகம், காற்று ஓரளவு இருக்கிறது என்று பொருள். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றே இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. இது இரண்டாவது வகை.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் ஓடியது. சரியான ஈரத்தில் இருக்கும் கம்போஸ்டைப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் அதிகம். ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருந்தால் போதும். காய்கறிக் கழிவில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெறும் அதையே அடுக்கினால், மழை பெய்யாவிட்டாலும் ஈரம் அளவைத் தாண்டிவிடும்.

நன்றாக மக்கும் குவியல் உள்ளே சூடேறும். இதில் கம்பியை நடுவில் செருகி எடுத்துப் பார்த்ததில் சூடே இல்லை. அடியில் ஓரடிக்குக் கறுப்புச் சேறு. மேலே ஓரடி ஆழத்துக்கு அந்தச் சாம்பல் புழுக்கள். இவை வீட்டு ஈயின் புழுக்கள் என்று வீட்டார் பயந்திருந்தார்கள். அவை பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்னும் ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. முதிர்ந்த புழு கூட்டுப்புழுவாக மாறக் காய்ந்த இடம் தேடி ஏறி வெளியேறும். அதனால்தான் மதிலைத் தாண்டின. கழிவைத் தின்று குறைப்பதில் அவற்றுக்கு நிகர் இல்லை. ஆனால் அவ்வளவு எண்ணிக்கையில் அவை இருப்பதே உள்ளே ஈரம் மிகுந்து கிடப்பதன் அடையாளம்.

அப்புறம் காய்ந்த பொருள் எங்கே என்று தேடினேன். மனை முழுக்க மரம்; ஒரு கூடைக் காய்ந்த சருகு கிடைக்கவில்லை. மழையில் நனைந்து தரையோடு ஒட்டியவைதான் இருந்தன. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். நாட்டு வாதுமை தை, மாசியில் சிவந்து கொட்டும். வேம்பும் மாசி, பங்குனியில்தான் உதிர்க்கும். சருகு தேவைப்படுவதோ ஐப்பசி, கார்த்திகையில். நடுவில் உள்ள எட்டு மாதத்துக்குச் சேமித்து வைக்காத வீட்டில், மழை வரும் நேரத்தில் தொட்டி கட்டாயம் தோற்கும். எந்தத் தூளைத் தூவினாலும் இதை மாற்ற முடியாது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, நிறுத்துவதா தொடர்வதா என்பது. மாமனாருக்கு நிறுத்திவிடலாம் என்றே தோன்றியது. மருமகள், "மாமா, இதுல உள்ளத எப்படியும் எங்கயாவது போட்டாகணும். குழி தோண்டிப் புதைச்சா மழையில மேல வந்துரும். சரி பண்ணிப் பாத்துட்டு முடியலேன்னா அப்புறம் நிறுத்திக்கலாம்" என்றார். டிரம்மில் உள்ளதை நல்ல கம்போஸ்டாக மீட்பதே அதை அப்புறப்படுத்தும் வழி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது, காய்ந்த பொருள். நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்ய, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. காய்கறிக் கழிவில் இது 15, 20 பங்குதான். காய்ந்த சருகில் 40, 50க்கு மேல். சருகு இல்லாத நிலையில் மூன்று பொருள்களைச் சேர்த்தோம். கடையில் விற்கும் ஐந்து கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள். மகன் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்தது. மாடிக் கொட்டகையில் கிடந்த தென்னம் பன்னாடையும் தேங்காய் நாரும். நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்ப்பதுதான் வழக்கம். நாங்கள் ஊறவைக்காமல் சுத்தியலால் உடைத்துக் காய்ந்தபடியே போட்டோம். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை அது குடிக்கும். டிரம்மின் தண்ணீரையே அது குடிக்கட்டும் என்பது எண்ணம். நார்க்கழிவு தானாக மக்க நெடுநாள் ஆகும் என்பது தெரியும். இந்த இடத்தில் அதன் வேலை ஈரத்தை வாங்குவதும் காற்றுக்கு இடம் விடுவதும்தான். மரப்பட்டறைத் தூளையும் யோசித்தோம். அருகில் இருந்த பட்டறையில் பிளைவுட் அறுக்கிறார்கள்; பசை கலந்த தூள் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாவது, இடம். மதிலை விட்டு எதிர்ப்பக்கத்தில், மாமரத்தடியில், சிமென்ட் பூசாமல் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தொட்டி. ஒவ்வொரு பக்கமும் மூன்றடி, உயரமும் மூன்றடி. இந்த அளவுக்குக் காரணம் உண்டு. குவியல் அதைவிடச் சிறிதாக இருந்தால் உருவாகும் சூடு வெளியே கசிந்துவிடும். மேலே சாய்வாக ஒரு தகரம். அடியில் தென்னை மட்டைகளைக் குறுக்காகப் பரப்பினோம், நீர் வடியவும் காற்று நுழையவும். பெருச்சாளி வராமல் தரையில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை.

நான்காவது, சமைத்த உணவும் கஞ்சியும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்பது. எண்ணெயும் உப்பும் ஒருபுறம் இருக்க, பெருச்சாளியை இழுப்பது சாதம்தான். மிஞ்சிய சாதத்தைத் தெரு நாய்களுக்கு வைக்கத் தொடங்கினார் மாமியார்.

மண்புழு வாங்கி விடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சூடேறும் குவியலில் மண்புழு செத்துவிடும். புளித்த சேற்றிலும் பிழைக்காது. புழு உரம் வேண்டுமானால் பாதி மக்கிய, ஆறிய பொருளில் தனித்தொட்டியில் பின்னால் செய்துகொள்ளலாம்.

மாற்றும் நாளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் முன்பே சொல்லிவிடச் சொன்னேன். நாற்றம் உச்சத்தில் இருக்கும் வேலை அது. அவர் பேரனோடு வெளியே போன ஒரு முற்பகலில், மழை விட்ட இடைவெளியில், தார்ப்பாய் விரித்து டிரம்மைச் சாய்த்தோம். ஒரு கூடைச் சேற்றுக்கு இரண்டு கூடைக் காய்ந்த பொருள் என்று மண்வெட்டியால் புரட்டிக் கலந்தோம். கொஞ்சம் பழைய சாணியைக் கரைத்துத் தெளித்தோம்; மூன்றடித் தொட்டி பாதிக்கு மேல் நிரம்பியது. மேலே நாலு விரல் உயரத்துக்கு நார்க்கழிவால் மூடினோம். கறுப்புத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாமா என்றார் மாமனார். காற்றில்லாமல் அழுகிய நீர் அமிலத்தன்மை உள்ளது, வேரை எரிக்கும். பல மடங்கு தண்ணீர் கலந்து மதிலை விட்டுத் தள்ளிக் காலி மண்ணில் பரவலாக ஊற்றினோம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை

மூன்றாம் நாள் செருகி வைத்த கம்பியை உருவினால் கையில் பிடிக்க முடியவில்லை. நாற்றம் அந்த வாரத்திலேயே விட்டுவிட்டது. காற்றில்லாச் சேறு காற்றுள்ள குவியலாக மாறினால் நாற்றம் இவ்வளவு வேகமாகப் போகும் என்பதை முதல்முறை பார்ப்பவர்கள் நம்புவதில்லை. மாமனார் தினமும் காலையில் கம்பியை உருவிப் பார்ப்பதை ஒரு கடமையாக்கிக்கொண்டார். வாரம் ஒருமுறை மகன் புரட்டினார். ஒவ்வொரு புரட்டலுக்குப் பின்னும் சூடு மறுபடி ஏறி, ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாக ஏறி, ஜனவரி நடுவில் அடங்கியது.

அன்றாடக் கழிவுக்கு ஒரு சிறு ஏற்பாடு. மூடியுள்ள இரண்டு இருபது லிட்டர் வாளிகள், அடியில் ஓட்டையோடு, கீழே தட்டு வைத்து. காய்கறிக் கழிவைக் கொட்டியதும் அதே பாத்திரத்தால் இரண்டு பாத்திரம் காய்ந்த பொருள். ஒரு வாளி நிரம்பினால் செங்கல் தொட்டியில் கவிழ்ப்பது.

டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அந்தத் தெருவிலும் வேப்பங்கிளைகள் முறிந்து விழுந்தன. வண்டி வந்து எடுப்பதற்குள் மகனும் பிள்ளைகளும் கிளைகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். பச்சை இலையாகத் தொட்டிக்குள் போடவில்லை. பச்சை இலையும் காய்கறிக் கழிவைப் போல நைட்ரஜன் மிகுந்ததுதான். மாடிக் கொட்டகையில் உலர்த்தி உதிர்த்து வைத்தார்கள். அந்த வீட்டின் முதல் சருகுச் சேமிப்பு அது.

தை பிறந்ததும் வாதுமை கொட்டியது. சருகு கொளுத்துவது நின்றது. கூட்டும் அம்மாவுக்கு மாமியார் காலி அரிசிச் சாக்குகளைக் கொடுத்து, மூட்டைக்கு இவ்வளவு என்று பணமும் பேசிக்கொண்டார். மார்ச் முடிவில் கொட்டகையில் பதினெட்டு மூட்டை இருந்தது. வாதுமை இலை பெரியது, தோல் மாதிரித் தடித்தது. முழுதாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நீரைத் தடுக்கும். அதனால் பிள்ளைகள் மூட்டையைக் கட்டி அதன்மேல் ஏறி மிதித்து நொறுக்கினார்கள். ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு செய்த வேலை அது ஒன்றுதான்.

முதல் தொட்டி மார்ச்சில் எடுக்கப்பட்டது. குவித்ததில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் மிஞ்சியிருந்தது. சல்லடையில் நார், தேங்காய் மூடி, மாங்கொட்டை, முருங்கைச் சக்கை தங்கின. அவை அடுத்த குவியலுக்குப் போயின. உரம் முற்றிவிட்டதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தோம். மண்வாசம்தான் வந்தது. பாதி மண், பாதி உரம் கலந்த தொட்டியில் பாசிப்பயறு போட்டதில் இலை மஞ்சளாகாமல் முளைத்தது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் செடிக்குப் போடச் சொல்வேன். அரைகுறையாக மக்கியது மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொண்டு செடியை வாட்டிவிடும்.

2023 ஜூன்: வெள்ளைப் புழுவும் தென்னையும்

ஜூனில் இரண்டாவது தொட்டியைக் கிளறியபோது கட்டைவிரல் பருமனில், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடைத்தன. அதே வாரத்தில் தென்னை ஏறியவர், குருத்தில் வண்டு அடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடும் என்பது தென்னை வைத்திருப்பவர்கள் அறிந்த செய்தி. கம்போஸ்ட்தான் தென்னையைக் கொல்கிறது என்று மாமனார் தொட்டியைப் பிரித்துப் போடவே தயாரானார்.

அவர் பயம் ஆதாரமற்றதல்ல. ஆனால் முடிவுக்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்தோம்.

புழுக்களைத் தரையில் விட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை மல்லாந்து முதுகால் ஊர்ந்து நகர்ந்தன. முதுகால் நகர்வது பூ வண்டு இனத்தின் புழு. அது மக்கும் பொருளைத் தின்று உரமாக்குவது, தென்னையைத் தொடாது. காண்டாமிருக வண்டின் புழு அப்படி நகராமல் பக்கவாட்டில் சுருண்டே கிடக்கும். அந்த வகை தொட்டியில் சிலவே, அவையும் சிறியவை.

பிறகு மட்டைகளை எண்ணினோம். வண்டு விரியாத குருத்தைத் துளைத்துத் தின்னும். அந்தக் குருத்து பின்னால் விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டாகக் கீற்றில் தெரியும். தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மட்டை விடும், அதாவது மாதத்துக்கு ஒன்று. ஆகவே குருத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினால் எந்த மட்டை எப்போது விரிந்தது என்று சொல்லிவிடலாம். நடுமரத்தில் மேலிருந்து பதினெட்டாவது மட்டையிலும் வெட்டு இருந்தது. அது விரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும்; தின்னப்பட்டது அதற்கும் முன்னால். கம்போஸ்ட் தொடங்கியதோ பதின்மூன்று மாதத்துக்கு முன். அப்படியானால் வண்டு அதற்கு முன்பே வந்துபோய்க்கொண்டிருந்தது.

எங்கிருந்து? கிணற்றடியில், இடி விழுந்து வெட்டிய பழைய தென்னையின் அடிமரம் அப்படியே நின்றது. கடப்பாரையால் குத்தினால் உளுத்து உதிர்ந்தது. உள்ளே முழு வளர்ச்சி அடைந்த காண்டாமிருக வண்டுப் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வளர்ந்த வண்டுகளும் ஒன்றாக இருந்தன. மாமனார் நெடுநேரம் பேசவில்லை. தொட்டி தப்பியது.

அடிமரத்தை உடைத்துப் புழுக்களைப் பொறுக்கி அழித்தார்கள். எடுக்க முடியாத வேர்ப்பகுதியில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணக் கரைசலை ஊற்றினார்கள். இந்தப் புழுக்களுக்கு நோய் உண்டாக்கிக் கொல்வதற்காகவே எருக்குழிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது அது. மரம் ஏறுபவர் குருத்தில் இருந்த வண்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து மட்டையிடுக்குகளில் வைத்தார். தொட்டிக்கு இரண்டு விதிகள் வந்தன. மேலே கொசுவலை, வண்டு இரவில்தான் பறக்கும். முற்றிய உரத்தை மூன்று மாதத்துக்கு மேல் தொட்டியில் வைத்திருக்கக் கூடாது. புழுப்பருவம் மூன்று, நாலு மாதம் எடுக்கும். அதற்குள் கிளறிச் சலித்து எடுத்துவிட்டால் ஒரு புழுவும் வண்டாக முடியாது.

2023 டிசம்பர்: மிக்ஜாம்

இரண்டாவது மழைக்காலத்தின் முதல் பகுதி அமைதியாகப் போனது. ஆயுத பூஜைப் பூசணியைத் துண்டாக்கி, ஐந்து மூட்டைச் சருகோடு இரண்டு வாரத்தில் பிரித்துப் போட்டார்கள். புழு எதுவும் மதிலேறவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கடலோரமாக நகர்ந்தபோது பெய்த மழையில் வீட்டு மனைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. செங்கல் தொட்டியின் கீழ்ப்பாதி மூழ்கியது. கார் நிறுத்துமிடத்தில் தரையில் வைத்திருந்த சலித்த உரமூட்டைகள் கரைந்து போயின. சில நாள் குப்பை வண்டியும் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தொட்டியில் பழைய நாற்றம் திரும்பியிருந்தது. ஆனால் மாடிக் கொட்டகையில் ஆறு மூட்டைச் சருகு காய்ந்தபடி இருந்தது. வீட்டார் யாரையும் கூப்பிடவில்லை. தார்ப்பாயை விரித்துத் தாங்களே கலந்து திரும்ப ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் கம்பி சுட்டது. எனக்குத் தெரிய வந்ததே பொங்கலுக்குப் பிறகு பேசியபோதுதான். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் நிறைவு தந்த செய்தி அது.

அந்தக் குவியலின் உரத்தைக் கீரைப் பாத்திக்குப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வெள்ளநீரில் சாக்கடை கலந்திருக்கும். தென்னைக்கும் மாவுக்கும் போட்டார்கள்.

இப்போதுள்ள நிலை

வீட்டிலிருந்து வண்டிக்குப் போவது உலர்குப்பையும் நாப்கின் போன்றவையும்தான். சமைத்த உணவு, அளவாக, நடுக்குழியில் புதைத்து, மறுபடி தொட்டிக்குப் போகிறது. தென்னையில் புதிதாக விரியும் மட்டைகளில் வெட்டுகள் குறைந்திருக்கின்றன. முற்றிலும் நிற்கவில்லை, தெருவில் வேறு அடிமரங்களும் உண்டு. பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டுப் புங்கமரச் சருகை மதில் மேல் வைத்துவிடுகிறார். தனக்குத் தொட்டி வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தொடங்கும் மாதத்தை மாற்றச் சொல்வேன். கோடையில் தொடங்காமல் தை மாதம் சருகு சேர்ப்பதில் தொடங்கி, பத்து மூட்டையாவது சேர்ந்த பிறகே முதல் கூடைக் காய்கறிக் கழிவைப் போடலாம். ஆறு பேர் வீட்டுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பத்து, பன்னிரண்டு மூட்டை நொறுக்கிய சருகு பிடிக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் தெருக் கூட்டுபவரிடமோ பூங்காவிலோ கேட்டால் அந்த மாதங்களில் தாராளமாகக் கிடைக்கும்.

அடியில் ஓட்டை இல்லாத பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மதிலோரம் வைக்கும் முன் மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தொட்டியின் தரையை முதலிலேயே உயர்த்தியிருக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு முன் இந்தூரில் கம்போஸ்ட் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்ட், வறண்ட காலத்தில் குழியிலும் மழைக்காலத்தில் தரைக்கு மேலே குவியலாகவும் மக்கவைத்தார். 2015இல் வெள்ளம் பார்த்த பகுதி இது. இப்போது இரண்டு வரிசை ஹாலோ பிளாக் வைத்து, அதன்மேல் தொட்டியை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். உரமூட்டைகளும் மாடிக்கு ஏறிவிட்டன.

தென்னை வைத்திருப்பவர்கள் கம்போஸ்டைத் தொடங்கும் முன் மனையில் பட்ட அடிமரம், பழைய எருக்குவியல் இருக்கிறதா என்று பார்த்து அகற்றிவிட வேண்டும். தொட்டியைச் சந்தேகிக்கும் நாள் வந்தால் முதலில் மட்டைகளை எண்ணிப் பார்க்கட்டும்.

தீராதது ஒன்று மிச்சம் இருக்கிறது: தென்னை மட்டை. மாதம் மூன்று, நாலு விழுகிறது. கீற்றைக் கிழித்துப் போட்டாலும் மட்டை வருடக்கணக்கில் மக்காது. துண்டாக்கும் இயந்திரத்துக்கு ஒரு வீட்டால் செலவழிக்க முடியாது. தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாமா என்று மருமகள் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை மட்டைகள் கிணற்றடியில் அடுக்கப்பட்டு, வெந்நீர் அடுப்புக்குப் போகின்றன.